தள்ளாடினா 'தண்ணி'யா பாஸ்?

கருவேப்பிலங்குறிச்சியில பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல விருத்தாசலம். அங்கே செராமிக் பொம்மைக்குக் கண் எழுதுற கையை நினைச்சுப் பாருங்க. ஒரு நூல் பிசகினா முகமே கோணிடும். அந்தக் கையைப் பிசகாம பாத்துக்கிறது பின்மண்டையில இருக்குற சிறுமூளைதான். எங்க இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, ஃபீட்பேக் கன்ட்ரோலர்!

அது பரம்பரையா தேயுற நோய்களும் இருக்கு. நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை நடுங்கும். பஸ்ல பார்க்குறவங்க 'காலையிலயே ஏத்திட்டான்'னு முகத்தைச் சுளிப்பாங்க. (நானும்தான் சுளிச்சிருக்கேன்.)

இதுல ஒரு வகை எஸ்.சி.ஏ.1. எங்கேயோ வெளிநாட்டு நோய்னு நினைக்காதீங்க. ஒரு தமிழ்ச் சமூகத்துக்குள்ளேயே இது அதிகமா இருக்குன்னு 2005-ல 'நியூராலஜி இந்தியா' இதழ்ல ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு.

காரணமான ஜீனை 1993-ல ஹூடா ஸோக்பி, ஹாரி ஓர் குழுக்கள் கண்டுபிடிச்சாங்க. ஆறாவது குரோமோசோம்ல இருக்குற அந்த ஜீன்ல சி.ஏ.ஜி.ங்கிற மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கும் எனக்கும்கூட! ஆனா சுமார் 40 தடவையைத் தாண்டினா வம்பு. தூக்கக் கலக்கத்துல ரெக்கார்டு நோட் காப்பி அடிக்கிறப்போ ஒரே வரியை ரெண்டு தடவை எழுதுவோமே, அதுமாதிரி அடுத்த தலைமுறைக்குப் போறப்போ எண்ணிக்கை இன்னும் கூடலாம். அப்படிக் கூடினா அப்பாவுக்கு வந்த வயசுக்கு முன்னாடியே பிள்ளைக்கு வந்துடும்.

'சொந்தத்துல கட்டினதால வந்துச்சு'ன்னு ஊர்ல பேசுவாங்க. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா மாதிரி சில வகைகள்ல அது ரிஸ்க்கைக் கூட்டும், சரி. ஆனா எஸ்.சி.ஏ.1-க்கு அப்பா, அம்மா யாராவது ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவிகித வாய்ப்பு. காசு சுண்டுற கதைதான்.

குணமாக்க மருந்து இல்லை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பாத்ரூம்ல ஒரு கைப்பிடிக் கம்பி... இவைதான் இப்போதைக்குத் துணை.

ஆனா வருமா வராதான்னு ரத்தப் பரிசோதனையில முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம். 18 வயசுக்குக் கீழே அறிகுறி இல்லாதவங்களுக்குப் பொதுவா பண்ண மாட்டாங்க. நாமதான் 20 ஆச்சே! அப்பாவுக்கு இருந்தா நீங்க ரத்தம் கொடுப்பீங்களா? 'வேணாம், நிம்மதியா இருந்துட்டுப் போறேன்'னுதான் எனக்குத் தோணுது. ஹாஸ்டல்ல இதைச் சொன்னப்போ ரூம்மேட் ஒரே கேள்வி கேட்டான். 'கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட என்னடா சொல்வே?'

ரெண்டு நாளாச்சு. இன்னும் பதில் சொல்லலை.