டர்போ காருக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக் என்னும் சிறு கருவி. அதன் அடியில் நடுவே ஒரு கம்பிமுனை இருக்கும். பக்கத்திலிருந்து வளைந்து வரும் உலோகப்பட்டை ஒன்று அம்முனைக்கு எதிரே நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் பட்டறைகளில் 'கேப்' என்கிறார்கள். மின்சாரம் அதைத் தாண்டிக் குதிக்கும்போது தீப்பொறி பிறக்கிறது. டர்போ பொருத்திய காருக்கு இந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாக இருக்க வேண்டுமா என்று என் வகுப்புத் தோழியரைக் கேட்டேன். "ஆற்றல் மிகுந்த எஞ்சின் அல்லவா? பெரிய பொறிதான் வேண்டும், ஆகவே பெரிய இடைவெளி" என்றே அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது.

எஞ்சினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறி சுழல்கிறது. அதே தண்டில் உள்ள மற்றொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. இதுவே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று மிகுதியாகப் புகுந்தால் அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாக எரியும்; சிறிய எஞ்சினும் பெரிய வேலை செய்யும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2019-ல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ காரையே பாருங்கள். அதில் டர்போ இல்லாத 1,197 சி.சி. எஞ்சினின் திறன் ஏறத்தாழ 83 குதிரைத்திறன். டர்போ உள்ள 998 சி.சி. எஞ்சினின் திறனோ 120!

இனி இடைவெளிக்கு வருவோம். சாதாரணக் காற்றில் 1 மில்லிமீட்டர் தூரத்தை மின்சாரம் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். காற்றை அமுக்க அமுக்க இத்தேவை ஏறிக்கொண்டே போகும். காற்றழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தே வோல்ட் அமையும் என்று ஜெர்மானிய அறிஞர் பாஷன் 1889-ல் ஆராய்ந்து வெளியிட்டார். ஆகவே டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் நாம் இடைவெளியைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் காயில் தரும் வோல்ட் போதாது. டர்போ இல்லாத இக்காலக் கார்களில் 1.0 அல்லது 1.1 மி.மீ. இடைவெளி சாதாரணமாகக் காணப்படும். டர்போ கார்களில் பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மி.மீ. இருக்கும். அழுத்தத்தை மேலும் ஏற்றிப் பந்தயத்திற்கு ஓட்டுவோர் 0.6 மி.மீ.க்கும் இறங்குவதுண்டு.

ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்ன செய்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். திண்டுக்கல்லில் உள்ள என் மாமாவின் பட்டறைக்கு ஒரு டர்போ கார் வந்தது. சமதளத்தில் மெதுவாக ஓட்டினால் அதில் ஒரு குறையும் இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் எஞ்சின் இருமியது. வண்டி முன்னே செல்ல மறுத்தது. எதிரே ஒரு பேருந்து வரும் நேரத்தில் இப்படி நேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? மாமா பிளக்குகளைக் கழற்றி அளந்தார். எல்லாம் 1.1 மி.மீ.; டர்போ இல்லாத எஞ்சினுக்குரியவை. உரிய பிளக்குகளைப் போட்டதும் இருமல் நின்றது. மெதுவாக ஓடுகையில் டர்போ அதிகம் அமுக்குவதில்லை. அதனால்தான் அப்போது குறை வெளிப்படவில்லை. பொறி விழாதபோது பெட்ரோல் எரியாமலே வெளியேறிப் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். குதிக்க வழியற்ற மின்சாரம் சில வேளைகளில் காயிலின் காப்பையே துளைத்துவிடும்.

அப்படியானால் இடைவெளியை இன்னும் இன்னும் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. மிகச் சிறிய பொறி கலவையைச் சரிவரப் பற்றவைக்காது. வண்டி நின்றபடி ஓடும்போது எஞ்சின் தடுமாறும். பொறி தவறாமல் விழும் மட்டும் குறைத்தால் போதும்.

பிளக்கைத் தேர்ந்தெடுக்கையில் இடைவெளியைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. அது பிளக்கின் சூடு. பிளக் முனை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தால் கரி படியும். 900-ஐ நெருங்கினால் முனையே தணல்போல் கனன்று, பொறி விழுமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். அப்போது பிஸ்டன் இன்னும் மேலேறிக் கொண்டிருக்கும். மேலேறும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளினால் என்ன ஆகும்? அலுமினியக் கலவையாலான பிஸ்டன் உருகி ஓட்டை விழவும் கூடும். எஞ்சினையே பிரிக்க வேண்டிய செலவு அது.

ஆகவே டர்போ எஞ்சினுக்குக் 'குளிர்ந்த' வகைப் பிளக் வேண்டும். குளிர்ந்தது என்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்தது அன்று! கைப்பிடி குட்டையான தோசைத்திருப்பியில் சூடு சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறதல்லவா? அவ்வாறே பீங்கான் மூக்கு குட்டையாக உள்ள பிளக், முனையின் சூட்டை விரைவில் எஞ்சின் தலைக்குக் கடத்திவிடும். மூக்கு நீண்டிருந்தால் சூடு தங்கும். அது 'சூடான' வகை.

இதை அறியப் பிளக்கின் மேல் எண் உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது. பி.பி.ஆர்.6.இ.எஸ். என்பதைவிட பி.பி.ஆர்.7.இ.எஸ். ஒரு படி குளிர்ந்தது. போஷ் பிளக்கிலோ எண் கூடினால் சூடானது! ஒரு கம்பெனியின் எண்ணை மனத்தில் வைத்து மற்றொன்றை வாங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும். என்.ஜி.கே. எண்ணின் இறுதியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மி.மீ. என்று பொருள். காரில் எந்த மாற்றமும் செய்யாதவர் கைப்புத்தகம் சொல்லும் எண்ணையே வாங்குவது நலம். டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களே ஒரு படி குளிர்ந்ததை நாடுவார்கள். டீசல் காருக்கு இந்தக் கவலையே இல்லை. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது.

முனையின் உலோகத்திலும் வேறுபாடு உண்டு. நிக்கல் முனை மலிவு. ஆனால் விரைவில் தேய்ந்து இடைவெளி தானே அகலும். இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும். ஆகவே அதன் முனையை 0.4 முதல் 0.6 மி.மீ. வரை மெல்லியதாக அமைக்க முடிகிறது. கூர்முனையிலிருந்து மின்சாரம் எளிதில் பாயும் என்பது இடிதாங்கிப் பாடத்திலேயே நாம் படித்ததுதான். டர்போ காருக்கு விலை சற்றுக் கூடினாலும் இரிடியமே தகும் என்பது என் எண்ணம்.

இடைவெளியைச் சரிபார்க்க ஃபீலர் கேஜ் வேண்டும். விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகு இதழ்கள் கொண்டது அது. ஒவ்வோர் இதழிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். 0.7 மி.மீ. இதழ் லேசான உரசலோடு நுழைந்து, 0.75 நுழையாமல் நின்றால் இடைவெளி 0.7 எனக் கொள்ளலாம். மாற்றுவதானால் பக்கத்துப் பட்டையை மட்டுமே சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். நடு முனையில் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது. இரிடியம் முனை ஒடிந்துவிடும், பீங்கானும் கீறும். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பிளக் ஆனாலும் அளந்தே போட வேண்டும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே கூடாது என்பார் மாமா.

எஞ்சின் ஆறிய பிறகே பழையவற்றைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் பிளக் குழியில் உள்ள தூசியை ஊதி எடுத்துவிட வேண்டும். கழற்றியவற்றை எந்தச் சிலிண்டரிலிருந்து எடுத்தது என்று தெரியும்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் அவையே கதை சொல்லும். இளம் பழுப்பு நிறம் நல்ல அடையாளம். கரிய புழுதி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் மிகக் குளிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சின் தேய்மானத்தைக் காட்டும். வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும்; பிஸ்டனுக்கு ஆபத்து அருகில் இருக்கிறது.

புதியதை முதலில் ஸ்பேனரால் அல்ல, கையாலேயே மரையில் ஏற்ற வேண்டும். கோணலாக ஏறினால் அலுமினியத் தலையின் மரை அழிந்துவிடும். கைக்கு இறுகிய பின், வாஷர் உள்ள புதுப் பிளக்கிற்கு ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்றுப் போதும்.