ரிவால்வ் (வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி)

ரிவால்வ் என்பது வீட்டிலுள்ள விளக்கு, கதவுப்பூட்டு, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி முதலியவற்றைச் செல்லிடத் தொலைபேசியிலுள்ள ஒரே செயலியின் மூலம் இயக்க உதவிய மையக் கருவி ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில் இயங்கிய அதே பெயருடைய நிறுவனம் இதனை 2013 ஆம் ஆண்டு முதல் 299 டாலர் விலையில் விற்றது. 2016 மே 15 அன்று இதன் சேவை நிறுத்தப்பட்டது. பழுதேதும் இல்லாத ஒரு பொருளை அதற்குப் பொறுப்பான நிறுவனமே தொலைவிலிருந்து செயலிழக்கச் செய்ய முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இயங்கிய முறை

வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுக் கருவிகள் வெவ்வேறு கம்பியில்லாத் தொடர்பு முறைகளைப் பயன்படுத்துகின்றன. வை-ஃபை, இசட்-வேவ், இன்ஸ்டியான் ஆகியன அவற்றுட் சில. ரிவால்வ் இவற்றுக்கிடையே மொழிபெயர்ப்பாளரைப் போல் செயற்பட்டது. ஆனால் கருவியும் செயலியும் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளைச் சார்ந்திருந்தன. கருவி வாங்கியவரின் வீட்டில் இருந்தது. அதை இயக்கும் ஆற்றலோ வேறொருவர் கையில் இருந்தது.

சேவை நிறுத்தம்

2014 அக்டோபரில் ரிவால்வ் நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. நெஸ்ட் நிறுவனத்தை அதே ஆண்டின் தொடக்கத்தில் கூகிள் 320 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ரிவால்வ் விற்பனை நின்றுபோனாலும் முன்பு வாங்கியோருக்குச் சேவை தொடர்ந்தது. பின்னர் 2016 இல், மே 15 முதல் செயலி திறக்காது, கருவியும் இயங்காது என அறிவிக்கப்பட்டது. விளக்குகளையும் பூட்டுகளையும் கையால் இயக்குவதற்குத் தடையில்லை. ஆனால் அவற்றை ஒருங்கிணைப்பதற்காகவே 299 டாலர் கொடுத்தவருக்கு எஞ்சியது வெறும் பெட்டிதான்.

கருவியின் விலையிலேயே "ஆயுள் சந்தா" அடங்கும் என விற்பனையின்போது கூறப்பட்டிருந்தது. அந்த ஆயுள் வாங்கியவருடையதா, கருவியுடையதா, நிறுவனத்துடையதா என்பதுதான் சிக்கல். வாங்கியவர்கள் முதல் பொருளையே கருதியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதனை விசாரித்தது. விற்கப்பட்ட கருவிகள் குறைவு என்பதாலும், நெஸ்ட் முழுப் பணத்தையும் திருப்பித் தர முன்வந்ததாலும் நடவடிக்கையின்றி 2016 சூலையில் விசாரணை முடிக்கப்பட்டது. எனினும், இவ்வாறு கருவிகளைச் செயலிழக்கச் செய்வது நுகர்வோர் தாமாகத் தவிர்க்க முடியாத கணிசமான தீங்காகும் என்ற கவலையை ஆணையத்தின் கடிதம் பதிவு செய்தது.

பின்னைய நிலை

2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. அங்கே முடிவு வேறுவிதமாக அமைந்தது: பயனர் குழுவொன்றே அந்நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டது. இத்தகைய வாய்ப்பு அரிது.

2024 நவம்பரில் மேற்கூறிய ஆணையத்தின் அலுவலர்கள் 184 இணையக் கருவிகளை ஆராய்ந்தனர். எவ்வளவு காலம் மென்பொருள் இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்பதை அவற்றுள் ஏறத்தாழ 89 விழுக்காட்டின் உற்பத்தியாளர்கள் தத்தம் தளங்களில் தெரிவிக்கவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் குறைந்தபட்சக் காலத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்குகிறது. அக்காலம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை.