வீட்டுக்குள்ளும் கூறு சமமாக வேண்டாமா?

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. அந்தக் காலத்தில் வாராவாரம் கறி எடுப்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தீபாவளி, பொங்கல், குலசாமி கும்பிடு என்று வந்தால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அறுப்பார்கள். தொடை, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கூறு வைப்பார்கள். ஒரு கூறில் ஒரு துண்டு கூடினாலும் சத்தம் வந்துவிடும். அவ்வளவு கறார்!

வீட்டுக்கு வீடு இப்படிச் சமமாக வந்த கறி, வீட்டுக்குள் நுழைந்த பிறகு சமமாகப் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் குழம்பைச் சொல்லிவிடுகிறேன். "கறிக்குழம்பில் காயா?" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். கறி விற்கிற விலையில் அரைக் கிலோவை எட்டுப் பேருக்குக் காண வைப்பது காய்தான். கறியின் ருசி காயில் இறங்கும். காயின் ருசி சாற்றில் இறங்கும். இது நமக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. பிரான்ஸ் நாட்டில் மாட்டுக்கறியோடு கேரட்டும் டர்னிப்பும் போட்டு மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவிடுவார்களாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் உப்பில் ஊறிய கறியை முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கோடு ஒரே பானையில் அவிப்பார்களாம். எந்த ஊரானாலும் கொஞ்சக் கறியை நிறையப் பேருக்கு ஆக்குவதற்குப் பெண்கள் கண்ட வழி ஒன்றுதான்!

எங்கள் வீட்டுப் பக்குவம் இதுதான். எலும்போடு சேர்த்து அரைக் கிலோ ஆட்டுக்கறி. முதல் நாள் இரவே ஊறவைத்த மொச்சை இரண்டு கைப்பிடி. இரண்டையும் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, மஞ்சள் தூள், ஆறு டம்ளர் தண்ணீரோடு வேகவிடுங்கள். மண்சட்டியில் ஒன்றரை மணி நேரம் ஆகும். குக்கர் என்றால் ஐந்தாறு விசில். தக்காளி, மாங்காய் போன்ற புளிப்பை இப்போதே போட்டுவிடாதீர்கள், மொச்சை விதைத்துப்போகும்.

கறி வேகும் நேரத்தில் வத்தல் 10, மல்லி மூன்று கரண்டி, மிளகு, சீரகம், சோம்பு தலா ஒரு ஸ்பூன், இரண்டு சில் தேங்காய், ஒரு கை வெங்காயம் எல்லாவற்றையும் லேசாக வறுத்து அம்மியிலோ மிக்சியிலோ அரைத்து, உப்போடு சேர்த்துக் கரைத்து ஊற்றுங்கள். மசால் கொதித்ததும் முதலில் வாழைக்காய் ஒன்று. பத்து நிமிஷம் கழித்து நாலாகக் கீறிய கத்தரிக்காய் ஆறு, முருங்கைக்காய் இரண்டு, தக்காளி மூன்று. எல்லாம் வெந்த பிறகு கடைசியாக ஒரு மாங்காய். அதன்பின் சின்ன வெங்காயமும் கருவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி இறக்குங்கள். கோடையில் காய் கிடைக்காவிட்டால் கத்தரி வத்தலும் மாவத்தலும் கைகொடுக்கும். வத்தலை வெந்நீரில் ஊறவைத்துப் போட வேண்டும். குதிரைவாலிச் சோற்றுக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்று கிடையாது!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல வீடுகளில் முதல் பந்தி ஆம்பிளைகளுக்கு. அடுத்தது பிள்ளைகளுக்கு. கடைசியில் ஆக்கினவள் சட்டியைச் சாய்த்துப் பார்த்தால், அடியில் கொஞ்சம் சாறும் ஒரு கத்தரிக்காய்க் காம்பும் கிடக்கும். அதையும் "எனக்குக் குழம்புதான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

என் மாமியார் அப்படி இல்லை. குழம்பை இறக்கியதும் முதல் வேலையாக ஒரு சின்னச் சட்டியில் கறியும் காயுமாக எடுத்து மூடி வைத்துவிடுவார்கள். "இது ஆக்குனவ கூறு. யாரும் கை வைக்கக் கூடாது" என்பார்கள். ஒரு பொங்கலன்று அவர்களுடைய கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, பொம்பளைகளுக்குச் சாறு போதாதா?" என்று கேலி பேசினார். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுப்படியில வெந்தது கறி மட்டுமா தம்பி? நாங்களுந்தான வெந்தோம்!" என்றார்கள். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அத்தை காலமான பிறகு அந்தச் சட்டி என் கைக்கு வந்தது. போன வருஷம் என் மருமகள் முழுகாமல் இருந்தபோது சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்தார்கள். 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்றார் நர்ஸ். அந்தப் பெண்ணோ எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் கூறைச் சத்தமில்லாமல் என் மகன் தட்டில் போட்டுவிடுவாள். கேட்டதற்கு, "எங்க வீட்ல அம்மா அப்படித்தான் அத்தை செய்வாங்க" என்றாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் ஒரே பந்தி என்று சொல்லிவிட்டேன். என் மகன் முதலில் முனகினான். இப்போது அவனே அகப்பையை எடுத்துப் பரிமாறுகிறான். மாத்திரையும் சாப்பாடுமாக ஒன்பதாம் மாதம் அவளுக்கு ரத்தம் 11-ஐத் தாண்டியது. தாயும் பேத்தியும் சௌக்கியம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் நாடு முழுவதும் பெண்கள் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்குத்தான். தமிழ்நாட்டுப் பெண்களில் 53 பேர். மாதவிலக்கும் பிரசவமும் இதற்குக் காரணம் என்பது உண்மைதான். ரத்தம் அதிகம் தேவைப்படுகிறவள் நாம் என்றால், நமக்கல்லவா கறி கூடுதலாக வேண்டும்?

கறியில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். கூடவே மொச்சையில் உள்ள இரும்புச் சத்தையும் சேர வைக்கும். மாங்காய், தக்காளியில் உள்ள வைட்டமின் சி அதற்கு உதவும். ஆகவே காயும் கறியும் சேர்ந்த சட்டி ஏழைக்கு ஏற்ற டானிக்தான்! சாப்பிட்டவுடன் டீ, காபி மட்டும் வேண்டாம். அது சத்தைச் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது போகட்டும். அதோடு, குழம்பை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சுகாதார நிலையத்தில் தருகிற இரும்புச் சத்து மாத்திரை கர்ப்பிணிக்குக் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் பெண் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அம்மா சாற்றோடு எழுந்துவிட்டால், நாளைக்கு அவளும் புகுந்த வீட்டில் சாற்றோடு எழுந்துவிடுவாள். தியாகம் என்று நாம் நினைப்பது அவளுக்குச் சீதனமாகப் போய்ச் சேருகிறது.

ஆகவே சகோதரிகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை குழம்பை இறக்கியதும் எட்டுப் பேர் என்றால் எட்டுக் கூறு என்று கணக்கிட்டுப் பரிமாறுங்கள். எண்ணும்போது உங்களை விட்டுவிட்டு ஏழு என்று எண்ணிவிடாதீர்கள்!

– ஒரு வாசகி, திருச்சுழி.