மருந்துக்கு அடங்காத வெட்டை நோய்: கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் ஆபத்து

சென்னை,

சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ் வடிதல். டாக்டரிடம் சொல்ல கூச்சம். 'நாலு பேருக்கு தெரிஞ்சா மானம் போயிடுமே' என்று பயந்து மெடிக்கல் ஷாப்பில் 2 மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. எரிச்சல் அடங்கியதும் நோயே போய்விட்டதாக நினைத்து விடுகிறார்கள். ஆபத்து அங்குதான் ஆரம்பிக்கிறது.

வெட்டை நோய் என்று சொல்லப்படும் கொனோரியா, உடலுறவு மூலம் பரவும் பாக்டீரியா நோய். 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 8 கோடிக்கும் அதிகமான புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

தோற்றுப்போன மருந்துகள்

1940-களில் இந்த நோயை பென்சிலின் ஊசி எளிதாக விரட்டியது. 1976-ல் பென்சிலினையே உடைத்துப் போடும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு டெட்ராசைக்ளின் பலன் இழந்தது. அடுத்து வந்த சிப்ரோபிளாக்சசின் மாத்திரையை இந்த நோய்க்கு தர வேண்டாம் என்று 2007-ல் அமெரிக்கா அறிவித்தது. இந்தியாவிலும் அந்த மாத்திரைக்கு இந்த கிருமி பெரும்பாலும் அடங்குவதில்லை.

இப்போது டாக்டர்கள் முக்கியமாக நம்பி இருப்பது செப்ட்ரியாக்சோன் ஊசியைத்தான். அதற்கும் அடங்காத கிருமி 2009-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு நோயாளியிடம் கண்டெடுக்கப்பட்டது. 2018-ல் இங்கிலாந்தில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. வேறு ஊசியை ரத்தத்தில் ஏற்றித்தான் குணப்படுத்தினார்கள்.

எப்படி தப்பிக்கிறது?

தவறான மருந்தோ, அளவு குறைந்த மருந்தோ சாப்பிட்டால் பலவீனமான கிருமிகள் மட்டும் சாகும். தாக்குப்பிடித்தவை பெருகும். அவைதான் அடுத்தவருக்கும் தொற்றும்.

பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கணவரிடம் இருந்து தொற்றி, உள்ளுக்குள்ளேயே கருக்குழாயை பாதித்து, குழந்தை இல்லாமல் போகலாம். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றினால் பார்வையே பறிபோகும் அபாயம் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

செபிக்சிம், செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்றால் வாங்கியவரின் பெயரை பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 முதல் அமலில் இருக்கிறது.

அறிகுறி தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரியின் பால்வினை நோய் பிரிவுக்கு தயங்காமல் போகலாம். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கணவன், மனைவி இருவருமே சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் நோய் திரும்ப தொற்றிக்கொள்ளும். குணமாகும் வரை உறவை தவிர்க்க வேண்டும். ஆணுறை நல்ல பாதுகாப்பு.

நேரில் கேட்க வெட்கப்படுபவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சோலிப்ளோடாசின் என்ற புதிய மருந்து 3-ம் கட்ட சோதனையில் பலன் தந்ததாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதையும் கண்டபடி விழுங்கினால் பென்சிலினுக்கு நேர்ந்த கதிதான் நேரும்.