சர்வதேச உறவுகளும் தேசப் பாதுகாப்பும்: நம் வீடுகளில் யோசிக்காத முதுகலைப் படிப்பு

பட்டப்படிப்பை முடித்த பிள்ளை, "சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னால், அத்தா கேட்கும் முதல் கேள்வி, "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். அதே பிள்ளை "தேசப் பாதுகாப்புப் படிப்பு" என்று சொன்னால் கேள்விகூட வராது. "நமக்கெதுக்கு வாப்பா அந்த வம்பு?" என்று உம்மா பேச்சை முடித்துவிடுவார்.

வேலை பற்றிய கேள்வி நியாயமானது. அதற்கு ஒளிவுமறைவு இல்லாத பதில் தேவை. இரண்டாவது தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. "பாதுகாப்பு" என்ற சொல்லை நம் மக்கள் பெரும்பாலும் கேட்டிருப்பது சோதனை, விசாரணை, வழக்கு பற்றிய செய்திகளில்தான். வகுப்பறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லித்தர ஆளில்லை.

முதலில், இந்தப் படிப்பு எதைப் பற்றியது? நம் வீடுகளுக்குத் தெரிந்த ஒரு நிகழ்விலிருந்தே பார்க்கலாம்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் இராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். பலர் கையிலிருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, ஈராக் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 1,70,000 பேரை ஏர் இந்தியா விமானங்கள் ஊருக்குக் கொண்டுவந்தன. நம் ஊர்களில் பெரியவர்கள் இன்றும் இதைச் சொல்வார்கள்.

ஆனால் அந்த மீட்புக்கு ஒரு விலை இருந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் ஹுசைனைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டித்தழுவிய படம் உலகம் முழுவதும் வெளியாகி, கடும் விமர்சனத்தைக் கிளப்பியது. ஆக்கிரமிப்பை இந்தியா ஓங்கிக் கண்டிக்கவில்லை என்று குவைத்திகள் மனம் வருந்தினார்கள். சில மாதங்கள் கழித்து, 1991 தொடக்கத்தில், அமெரிக்க இராணுவ விமானங்கள் இந்தியாவில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அரசு அனுமதித்தது. உள்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்தியது. இதே காலத்தில் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாப் பணவரவு சுருங்கி, நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது.

குஜ்ரால் செய்தது சரியா? சர்வதேச உறவுகள் வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எதார்த்தவாதிகள், "குடிமக்கள் அங்கே சிக்கியிருக்கும்போது கொள்கை பேச முடியாது, தன் ஆட்களைக் காப்பதே அரசின் முதல் வேலை" என்பார்கள். சர்வதேசச் சட்டத்துக்கும் ஐ.நா.வுக்கும் முதலிடம் தருபவர்கள், "இன்று ஒரு சிறிய நாட்டை விழுங்கவிட்டால் நாளை எந்தச் சிறிய நாட்டுக்கும் பாதுகாப்பில்லை" என்பார்கள். இந்தியா தன்னை அணிசேரா நாடாகப் பார்த்துப் பழகியதுதான் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று நாடுகளின் தன்னடையாளத்தை ஆராய்பவர்கள் சொல்வார்கள். மாணவர் மூன்றையும் படித்து, ஆவணங்களைப் பார்த்து, தன் முடிவை இருபது பக்கத்தில் வாதிட்டு எழுத வேண்டும். எம்.ஏ.வின் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த வேலைதான். தேநீர்க்கடையில் உலக அரசியல் பேசுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இருபது பக்கம்.

தனித்துறை என்ற அளவில் இதற்கு நூறு வயதுதான் ஆகிறது. முதல் உலகப் போரின் அழிவுக்குப் பிறகு, இனி போர் வராமல் தடுக்க வழியுண்டா என்று ஆராய 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் முதல் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. விஷயம் என்னவோ பழையது. திருக்குறளின் பொருட்பாலில் தூது, ஒற்றாடல், அரண், படைமாட்சி என்று அதிகாரங்களே இருக்கின்றன. அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என்று 14ஆம் நூற்றாண்டிலேயே முகத்திமாவில் ஆராய்ந்த இப்னு கல்தூனின் பெயரும் இத்துறையில் அறிமுகமானதுதான்.

இனி அந்த இரண்டாவது படிப்பு. பல்கலைக்கழகங்களில் இது "பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வுகள்" என்றோ "தேசப் பாதுகாப்பு ஆய்வுகள்" என்றோ இருக்கும். இது காவல்துறைப் பயிற்சி அல்ல, உளவாளி ஆக்கும் படிப்பும் அல்ல. அணு ஆயுதங்கள் இருக்கும்போது நாடுகள் ஏன் முழுப்போருக்குத் தயங்குகின்றன, எல்லைகளை எப்படி நிர்வகிப்பது, இந்தியப் பெருங்கடலில் கப்பல் பாதைகளை யார் காக்கிறார்கள், இணையத் தாக்குதல் எப்போது போராகும், இராணுவத்தை மக்களாட்சி எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பவை இதன் பாடங்கள். பயங்கரவாதம் பற்றிய ஒரு தாளும் இருக்கும்.

நம் வீடுகள் தயங்குவது அந்தத் தாளுக்காகத்தான். ஆனால் இத்துறைக்குள்ளேயே நம் தயக்கத்தை ஆராயும் ஒரு பகுதியும் இருக்கிறது. பேரி புசான், ஓலே வேவர் முதலிய அறிஞர்கள் 1990களில் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். ஒரு விஷயம் தானாகவே பாதுகாப்புப் பிரச்சினை ஆகிறதா, அல்லது அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படிப் பெயர் சூட்டுவதால் ஆகிறதா? பெயர் சூட்டியதும் வழக்கமான விதிகள் ஓரம்கட்டப்படுகின்றன, கேள்வி கேட்பவர் சந்தேகத்துக்கு உள்ளாகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். கோபன்ஹேகன் சிந்தனைப் பள்ளி என்று அழைக்கப்படும் இது இன்று உலகம் முழுவதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அகதிகள், புலம்பெயர்ந்தோர், சிறுபான்மையினர் மீது இப்படிப் பெயர் சூட்டப்படுவது பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்துள்ளன. அதேபோல, நாட்டின் பாதுகாப்பு என்பது எல்லைக்கோட்டோடு முடிவதில்லை, மனிதன் பசியிலிருந்தும் நோயிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காக்கப்படுவதும் அதில் அடங்கும் என்ற கருத்தைப் பரப்பியது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 மனித வளர்ச்சி அறிக்கை. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக்.

இந்த வகுப்பறையில் நம் பிள்ளைகள் உட்காராவிட்டால் நம்மைப் பற்றிய கட்டுரைகளும் அறிக்கைகளும் எழுதப்படாமல் போய்விடாது. நம் வீடுகளை அறியாதவர்கள் எழுதுவார்கள், அவ்வளவுதான்.

எங்கே படிக்கலாம்? டெல்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உள்ள சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. நாட்டில் இத்துறைக்கு மூத்த இடம் இதுதான். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அங்கே ஆய்வுப் பட்டம் பெற்றவர். அவருடைய தந்தை கே.சுப்ரமணியம் திருச்சியில் பிறந்து, இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனைக்கே அடித்தளம் போட்டவர் என்று போற்றப்படுபவர். கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஜே.என்.யு.வில் சேர சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கல்விக் கட்டணம் மிகக் குறைவு, விடுதியும் சாப்பாடும்தான் செலவு. அதே டெல்லியில், சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. உண்டு. இலங்கை, வங்கதேச, நேபாள மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

ஜாமியா மில்லியாவில் மேற்காசிய ஆய்வுகளுக்கும் அமைதி மற்றும் மோதல் தீர்வுக்கும் தனி மையங்கள் இருக்கின்றன. அங்கே பாதி இடங்கள் முஸ்லிம் மாணவர்களுக்கு. அதற்குள் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனிப் பங்கு உண்டு. அலிகரிலும் மேற்காசிய, வட ஆப்பிரிக்க ஆய்வுகளுக்குத் துறை உள்ளது.

அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாத பெற்றோருக்குப் பக்கத்திலேயே இடமிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வுகள் துறை பழமையானது. குன்னூர் அருகே வெலிங்டனில் பயிலும் முப்படை அதிகாரிகளுக்கு எம்.எஸ்சி. பட்டம் வழங்குவதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச உறவுகள் எம்.ஏ. இருக்கிறது. கேரளத்தில் கோட்டயத்திலும் காசர்கோட்டிலும் நல்ல துறைகள் உள்ளன. இவற்றில் பலவற்றுக்கு இளங்கலையில் எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பொறியியல் முடித்தவர்களும் சேர்கிறார்கள்.

வெளிநாடு என்றால் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுகள் துறைக்குப் பெயர் அதிகம். நமக்கு நெருக்கமானது சிங்கப்பூரின் எஸ்.ராஜரத்தினம் சர்வதேச ஆய்வுகள் பள்ளி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான தமிழரின் பெயர் அது. ஓராண்டில் முதுகலையை முடித்துவிடலாம். ஆனால் செலவு பல இலட்சம். வட்டிக் கடன் வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்கள் உதவித்தொகையைத்தான் நம்ப வேண்டும். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். அதற்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்த பின் நாடு திரும்ப வேண்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ஒன்றிய அரசுத் திட்டமும், மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டன. இன்னும் சில ஏஜென்டுகள் அவற்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நம்பாதீர்கள். "வீட்டிலிருந்தே அமெரிக்கப் பட்டம்" என்று இணையத்தில் வரும் விளம்பரங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பட்டம் இந்தியாவில் அரசு வேலைக்கும் ஆசிரியர் பணிக்கும் செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இப்போது அத்தாவின் கேள்விக்கு வருவோம். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேராக வேலை கிடைப்பது கடினம். மகன் படித்து முடித்த மாதமே சம்பளம் எதிர்பார்க்கும் நிலையில் உள்ள குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லோரும் முதலில் நினைப்பது இந்திய வெளியுறவுப் பணி. அதற்கு இந்த எம்.ஏ. கட்டாயமே இல்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் யு.பி.எஸ்.சி. தேர்வில் "அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்" விருப்பப்பாடமாக இருப்பதால், படித்தது நேரடியாகக் கைகொடுக்கும். ஆண்டுக்கு மிகச் சிலர்தான் ஐ.எஃப்.எஸ். ஆகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சவூதி, ஈரான், ஆப்கானிஸ்தானில் தூதராக இருந்து பின்னாளில் குடியரசுத் துணைத்தலைவரான ஹமீத் அன்சாரி, 2016 முதல் 2020 வரை ஐ.நா.வில் இந்தியாவின் குரலாக இருந்த சையத் அக்பருதீன் ஆகியோர் இந்தப் பணியில் இருந்தவர்கள்தான். மகளை அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: இப்பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா, சென்னையில் படித்தவர். திருமணம் செய்ய அரசிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பெண் அதிகாரிகளுக்கு மட்டும் இருந்த விதியையும் பதவி உயர்வில் காட்டப்பட்ட பாகுபாட்டையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1979இல் நீதிபதி கிருஷ்ண ஐயரின் தீர்ப்பு அரசைக் கண்டித்தது.

மற்ற வழிகள் இத்தனை பளபளப்பானவை அல்ல. நெட் தேர்வில் பாதுகாப்பு ஆய்வுகளுக்குத் தனிப் பாடமே இருப்பதால் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். டெல்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைக்கும். தொடக்கச் சம்பளம் குறைவு, ஆனால் எழுத்தில் பெயர் வெளியே தெரியும். உளவுத்துறையின் உதவி அதிகாரி தேர்வுக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். பன்னாட்டு நிறுவனங்கள், கப்பல் காப்பீட்டு நிறுவனங்கள், ஊடகங்கள், அகதிகளுக்காக வேலை செய்யும் அமைப்புகள் ஆகியவையும் இப்படிப்பட்டவர்களைத் தேடுகின்றன. செங்கடலில் ஒரு கப்பல் தாக்கப்பட்டால் சரக்குக் கட்டணம் எவ்வளவு ஏறும், எந்தத் துறைமுகம் தப்பும் என்று கணித்துச் சொல்பவருக்கு வணிக உலகில் மதிப்பு உண்டு.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு முதல் இருக்கிறது. மேற்காசியா பற்றி ஆங்கில நூல்களை மட்டும் படித்துவிட்டு எழுதுகிறவர்கள் பலர். அரபு நாளிதழைத் தானே படிக்கக்கூடியவர்கள் குறைவு. மதரஸாவில் அரபு இலக்கணம் கற்றுப் பட்டப்படிப்பையும் முடித்தவர், கொஞ்சம் முயன்று இன்றைய செய்தி அரபியைப் பழகிக்கொண்டால், அந்த வரிசையில் முன்னால் நிற்பார். வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கூடவே ஆங்கிலத்தில் பிழையின்றி, சுருக்கமாக எழுதும் பழக்கம் வேண்டும். அது இல்லாமல் இத்துறையில் ஒரு படிகூட ஏற முடியாது.

இறுதியாண்டில் இருப்பவர்கள் சான்றிதழ் விஷயத்தை இப்போதே கவனிக்க வேண்டும். தமிழக அரசின் 3.5 சதவீத முஸ்லிம் உள் ஒதுக்கீட்டுக்கான பி.சி.எம். சான்றிதழ் ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருப்பதால் 27 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்கலாம். ஆனால் அதற்கு ஒன்றிய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்ற குறிப்புடன் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 இலட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் கணக்கில் வருவதற்குத் தனி விதிகள் உள்ளதால், தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் திறக்கும். அப்போது போய் வரிசையில் நிற்காமல், அதற்கு முன்பே சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.