இந்தியச் சுற்று (வில்வித்தை)

இந்தியச் சுற்று என்பது இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் இடம்பெறும் வில்வித்தைப் பிரிவு ஆகும். மூங்கில் அல்லது மர வில்லால் எய்வர். மூத்தோருக்கு இலக்கு 50 மீ., 30 மீ. தொலைவில் இருக்கும். ரிகர்வ், காம்பவுண்டு வில்களைவிட விலை மிகக் குறைவு என்பதால் சிற்றூர் மாணவர் பலர் இதில்தான் தொடங்குகின்றனர். மாவட்டப் போட்டியில் (ஆழ்வார்குறிச்சி மாணவருக்கு 2019 முதல் அது தென்காசி மாவட்டம்) தேறி, மாநில அணியில் இடம்பெற்றால், தேசியப் போட்டி வரை மூங்கில் வில்லுடனேயே செல்லலாம்.

அதற்கு மேல் அந்த வில்லுக்கு இடமில்லை. ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் ரிகர்வ் வில்லால் 70 மீ. தொலைவுக்கு எய்ய வேண்டும். 10 புள்ளி வட்டத்தின் விட்டமோ 12.2 செ.மீ. மட்டுமே. எனவே திறமையுள்ளவர் புதிய வில்லுக்கு மாறியாக வேண்டும். பலர் நின்றுவிடும் இடம் இதுவே. ராஞ்சி அருகே மூங்கில் வில்லில் பழகிய தீபிகா குமாரிக்கு, 2006-இல் ஜாம்ஷெட்பூரின் டாடா வில்வித்தைப் பயிற்சியகத்தில் சேர்ந்த பிறகே முறையான கருவிகள் கிடைத்தன. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் அவர் இரண்டு தங்கம் வென்றார்.