சூட்டில் இறுகும் இறக்கை

திருவெள்ளறை போன்ற ஊர்களில் திருவிழாவுக்குப் பறை அடிக்கும் முன் அதைத் தீயில் காட்டுவார்கள். ஈரம் போகும், தோல் இறுகும். ரிமோட் விமானத்தின் பால்சா மர இறக்கையில் ஒட்டும் பாலியெஸ்டர் படலமும் சூட்டில் இறுகுகிறது. ஆனால் அங்கே ஈரத்துக்கு வேலை இல்லை. பிறகு எப்படி?

ஆலையில் அந்தப் படலத்தைச் சூடாக நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிர வைக்கிறார்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அப்படியே உறைந்துவிடும். மறுபடி சூடு பட்டதும் அவை சுருண்டுகொள்ளப் பார்க்கின்றன. ஜூஸ் பாட்டில் மூடியை இறுகப் பிடித்திருக்கும் உறையும் இதே சாதிதான்.

சின்ன இஸ்திரிப் பெட்டியை முதலில் சுமார் 100 டிகிரியில் வைத்து ஓரங்களை மட்டும் ஒட்டவேண்டும். அடியில் உள்ள பசை இளக அது போதும். பிறகு 150 டிகிரி அளவில் நடுப்பகுதியைச் சுருக்கலாம். முறை மாறினால் ஓரம் பிய்ந்து வந்துவிடும். மேலும் கீழும் மாற்றி மாற்றிச் சூடு காட்டாவிட்டால், படலத்தின் இழுப்பு மெல்லிய பால்சாச் சட்டத்தையே முறுக்கிவிடும்; விமானம் ஒரு பக்கமாகச் சாயும். பயப்படவேண்டாம். இறக்கையை எதிர்ப்பக்கம் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சூடு காட்டினால் நேராகும்.

திருச்சி மே மாத வெயிலில் மூடிய காருக்குள் கறுப்பு இறக்கையை விட்டுப் பாருங்கள்: பசை சற்று இளகி, ஓரம் நகர்ந்து, சுருக்கம் விழலாம். மறுபடி இஸ்திரிதான்!